காத்திருக்கச் சொன்ன திரை

1979 பிப்ரவரி மூன்று, சான் பிளாஸ் திருநாள். தலைநகர் அசுன்சியோனில் ஒரு பெரிய வீட்டு வாசலில் ஐந்து வயது தியோனிலாவை நிறுத்திவிட்டு அவளுடைய அம்மா பேருந்து ஏறினாள். சாப்பாடும் படிப்பும் கிடைக்கும், பிள்ளை கூடமாட வேலை செய்யும் என்று பேச்சு. எங்கள் ஊர்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அப்படிப் போயிருக்கின்றன. அம்மா திரும்ப வரவில்லை. அந்த வீட்டார் தங்கள் குடும்பப் பெயரையே அவளுக்கு ஒட்டிவிட்டார்கள். சொந்த ஊரின் பெயர் அவளுக்கு மறந்துபோயிற்று.

நான் பழகியபோது தியோனிலா பள்ளிக்கூடத்துக் கணினி அறையைப் பெருக்கிப் பூட்டுகிறவர். என்னைவிட மூத்தவர் என்பதால் மரியாதையாக 'ஞா' என்று கூப்பிடுவேன். யாரோ கழித்துக்கட்டிய பழைய கணினிகள். அவற்றில் ஓடியது, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்து, திருத்தி, திருத்தியதை எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய இயங்குதளம். திரையில் தோன்றும் வாக்கியங்கள் தனிக் கோப்பில் வரிசையாக இருக்கும். பக்கத்தில் எங்கள் குவரானி மொழியில் எழுதி, கீழே பெயரைப் போட்டால், அடுத்த பதிப்பில் நாடெங்கும் போய்ச் சேரும். எழுதியவர் தியோனிலா, சரிபார்த்தவள் நான். ஊரே உறங்கும், பிள்ளைகளை வெளியே விடாத உச்சிவேளையில்தான் உட்காருவோம்.

"கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாய் உண்டு ஞா. தாய் செத்துட்டா, முதல்ல முழிச்ச ஒண்ணாம் நம்பர் வேலை அந்தக் குட்டிய எடுத்துக்கும்" என்றேன்.

"எடுத்து வளக்குமா, பாத்திரம் தேய்க்க விடுமா?"

நான் சிரித்தேன். அவர் தெரெரே மூலிகைக் குளிர்பானத்தை உறிஞ்சிக்கொண்டே அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

புதிய பதிப்பு வந்த வாரம், வேறொரு பள்ளித் தலைமையாசிரியை தொலைபேசியில் கத்தினார்.

"என்னத்தடி எழுதி வச்சிருக்கீங்க? கரண்டு போச்சு, மணியும் அடிச்சாச்சு, திரையப் பார்த்த ஒரு பிள்ளையும் எழுந்திரிக்கல. கூப்பிட்டா, வாய்ல விரல வச்சுக் காட்டுது!"

கணினியைத் திறந்து பார்த்தேன். 'காத்திருக்கவும்' என்று வரவேண்டிய கறுப்புத் திரையில் ஒரே ஒரு சொல்: துருபீ. அதை எப்படிச் சரிபார்க்காமல் விட்டேன் என்று தெரியவில்லை.

"ஞா, இது என்ன பாஷை?"

"எங்க வீட்டு வார்த்தை. 'அசையாத, வந்துடுறேன்'னு அர்த்தம். வாசல்ல வச்சு அம்மா கடைசியா சொன்னது."

"யாருக்குமே புரியாதத வைக்கலாமா?"

"ஒருத்தருக்குப் புரிஞ்சாப் போதும். அம்மா பேரு தெரியாது, ஊரு தெரியாது, நான் எங்க போய்த் தேடுவேன்? அழிக்கணும்னா அழிச்சுக்க தாயி."

அழிக்கவில்லை. அந்தப் பள்ளிக்கு அர்த்தம் சொல்லி அனுப்பவும் இல்லை. அடுத்த மாதமே பையைத் தூக்கிக்கொண்டு ஊர்சுற்றக் கிளம்பிவிட்டேன். எல்லை தாண்டி ஓரூரோவில் ஒரு நூலகம், பெலெமில் ஒரு விடுதி. இலவச இயங்குதளம் உள்ள கணினி எங்கே கிடைத்தாலும் எங்கள் மொழியைத் தேர்ந்தெடுப்பேன். இருட்டுத் திரையில் அந்தச் சொல் வரும். என்னை அறியாமல் கை அப்படியே நின்றுவிடும். பின்னால் யாரோ நடந்து போகிற மாதிரி இருக்கும். திரும்ப மாட்டேன்.

ஏழு வருடம் கழித்துத் திரும்பினேன். அந்த வரிக்குக் கீழே, சரிபார்ப்பவரின் பார்வைக்கென ஒரு செய்தி வந்து கிடந்தது:

"நான் யூத்தி பக்கத்துல டீச்சர். இது எங்க வீட்டு வார்த்தை, வெளிய யாருக்கும் தெரியாது. நான் பிறக்கறதுக்கு முன்னாடி எங்க அக்காவ அசுன்சியோன்ல ஒரு வீட்டுல விட்டிருந்தாங்க. அம்மா பாக்கப் போனப்ப, காய்ச்சல்ல செத்துட்டான்னு வாசல் கேட்லயே சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்களாம். நேத்து அம்மாவுக்குத் திரையக் காட்டினேன். யாரு எழுதினதுன்னு கேட்டாங்க. கீழ பார்த்தா என் பேரு இருக்கு. நான் எழுதல. செத்தவ பேரத்தான் எனக்கு வச்சாங்க. அம்மா வாசக்கதவ மூட விடமாட்டேங்குறாங்க. நீங்க யாரு? — தியோனிலா."