ஊக்கைத் தேடும் கை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று. அண்ணன் வைத்த பெயர் 'பாதி'. நிலைத்தது இரண்டாவதுதான்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவள், வண்டியைப் பின்னால் எடுக்கும் பாடத்தோடு நின்றுவிட்டாள். தையல் வகுப்பில் தைத்த, ஒரு கை மட்டும் வைத்த சட்டை இன்னும் அலமாரியில் தொங்குகிறது. ஒருமுறை கூடத்துச் சுவருக்குத் தானே வெள்ளையடிக்கிறேன் என்று கைக்கு எட்டிய உயரம்வரை அடித்துவிட்டு, ஏணி வாங்க வேண்டும் என்றாள். ஏணி வரவேயில்லை. சுவர் இன்றைக்கும் இரண்டு நிறத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் அதைக் காட்டாமல் விடமாட்டான். "பாதி அடிச்ச பாதி சுவரு. நல்லாப் பாத்துக்குங்க." அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வேலையில் மட்டும் அவள் அப்படியில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் இருக்கிறாள். மாடியிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் விரிப்புகளையும் கோட்டுகளையும் இயந்திரத்துக்குள் போடுமுன் தடவிப் பார்ப்பது அவள் பொறுப்பு. பேனா, கத்தரி, ஊக்கு, என்ன வேண்டுமானாலும் இருக்கும். ஒரே ஒரு ஊக்கு உள்ளே போனாலும் மொத்தத் துணியும் கிழிந்து வரும். வாய், பக்கத்தில் நிற்பவளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, கை அதுபாட்டுக்குத் துணியை மேய்ந்துவிட்டு வரும். அந்தக் கைக்குத் தப்பிய ஊக்கு கிடையாது.

மூட்டை தூக்கித் தூக்கித் தோள் பிடித்துக்கொண்டது. நீந்தினால் சரியாகும் என்றார் மருத்துவர். நாற்பதைத் தாண்டிய வயதில் பொது நீச்சல்குளத்தில் குழந்தைகளோடு குழந்தையாகக் கம்பியைப் பிடித்துக் காலை உதைத்தாள். குளத்தில் பழக்கமான டீச்சர் ஒருத்தி, ஏரியில் நடக்கப்போகும் ட்ரையத்லானைப் பற்றிச் சொன்னாள். முதலில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். புதிதாக வருகிறவர்களுக்குத் தூரம் குறைவுதான் என்றாள். இவள் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டாள். ஆரம்பிப்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

வீட்டில் சொன்னபோது மகள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இதுலயும் பாதிதானே?" என்றாள்.

கேலியாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அண்ணன் இருபது வருஷமாகச் சொல்லி உறைக்காதது அன்றைக்கு உறைத்தது. இதை முடிக்க வேண்டும் என்று அவள் யாரிடமும் சபதம் போடவில்லை. மறுநாளிலிருந்து வேலை முடிந்து பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டுப் புருஷனுடைய சைக்கிளில் வரத் தொடங்கினாள். புருஷன் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, சீட்டை இறக்கி வைத்தார்.

போட்டிக்கு முதல் நாள் மாலை மகள் தானாகவே வந்து, அம்மாவின் சட்டையில் நம்பர் தாளை நான்கு மூலையிலும் ஊக்குக் குத்திப் பொருத்திக் கொடுத்தாள். "கோணலா இருக்காம்மா?" என்று கேட்டு, ஒரு மூலையை மறுபடி எடுத்துக் குத்தினாள்.

காலையில் ஏரிக்கரை முழுக்க நீச்சல் தொப்பிகள். வேலியடித்த இடத்தில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. நீந்திவிட்டு வந்து அங்கேதான் உடை மாற்றிக் கிளம்ப வேண்டும். டீச்சருக்கும் பக்கத்து இடம்தான். தண்ணீரில் இறங்கும் பயத்தில் இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசியபடியே செருப்பு, துண்டு, சட்டை என்று எடுத்து வைத்தார்கள்.

குளத்தில் அடித்தரையில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். ஏரியில் கீழே பச்சை இருட்டுதான். பின்னால் வந்தவர் அவள் காலைத் தட்டினார். பக்கத்தில் போனவரின் முழங்கை கன்னத்தில் பட்டது. திரும்ப வேண்டிய மிதவைக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு எங்கேயோ போய்விட்டது. மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தாள்.

காவல் படகு மெதுவாகப் பக்கத்தில் வந்தது. "ஏறிக்கிறீங்களாக்கா?"

"இது எவ்வளவு தூரம்?"

"சரியாப் பாதி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீரையும் குடித்தாள். "அப்ப வேண்டாம்" என்று புரண்டு மறுபடி கையை வீசினாள்.

கரையேறும்போது காலுக்கடியில் தரை ஆடியது. சட்டையை ஈர உடம்பில் இழுத்து மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அங்கே கழுத்தில் விசில் தொங்கிய அதிகாரி கையை நீட்டினார். "நம்பர் எங்கம்மா?"

குனிந்து பார்த்தாள். சட்டை வெறுமையாக இருந்தது.

வேலிக்கு வெளியே மகளின் குரல். "அம்மா! நாலு மூலையிலயும் குத்தினேனே!"

"எடுத்துட்டேன் போலருக்குடி."

"எதுக்கு?"

"மெஷின்ல மாட்டிக்கும்னு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது. டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தபோது கை அதன் வேலையைப் பார்த்துவிட்டது. திரும்பி ஓடிப் பார்த்தால், தாள் நான்காக மடித்துத் துண்டுக்கடியில் இருந்தது. ஊக்குகள் நீச்சல் கண்ணாடிக் கூட்டுக்குள் பத்திரமாக இருந்தன.

குளிரில் விரல் விறைத்திருந்தது. முதல் ஊக்கு கீழே விழுந்தது. இரண்டாவது விரலில் குத்தியது. பக்கத்து இடத்து டீச்சர் எப்போதோ சைக்கிளேறிப் போயிருந்தாள். விட்டுவிடலாம் என்று தோன்றியது. நல்ல காரணம் வேறு. யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவள் இதுவரை விட்டதற்கெல்லாம்கூட நல்ல காரணம் இருந்தது. ஏணி இல்லாமல் யார் வெள்ளையடிக்க முடியும்?

மகள் வேலிக்கு மேல் கையை நீட்டினாள். "குடும்மா, நான் குத்துறேன்."

"வெளியாளுங்க தொடக் கூடாதும்மா" என்றார் அதிகாரி. "ஓடற பாதைய மூடறதுக்குள்ள சைக்கிள முடிச்சுட்டு வந்துடணும், பாத்துக்குங்க."

மகள் கையை இழுத்துக்கொண்டாள். "சரி, நீயே பண்ணு. அந்த ஊக்கப் பாக்காத, என்னப் பாரு. பேசிக்கிட்டே பண்ணு. வீட்ல என்ன சமைக்கலாம்?"

"பசிக்குதா உனக்கு?"

"பயங்கரமா. அப்பாதான் ரொட்டிய முழுக்கத் தின்னுட்டாரு."

"நான் ரெண்டுதான் தின்னேன்" என்றார் புருஷன்.

"பொய். பொட்டலம் காலி."

பேசிக்கொண்டிருக்கும்போதே கை நான்கு ஊக்கையும் குத்தி முடித்திருந்தது. நம்பர் கோணல்தான்.

சைக்கிளில் பலர் அவளைத் தாண்டிப் போனார்கள். ஏரியைச் சுற்றி வந்து சேர்ந்தபோது அதிகாரி ஓடும் பாதையை மூடக் கயிற்றைக் கையில் எடுத்திருந்தார். அவளைப் பார்த்ததும், அதில் சிக்கு அவிழ்க்கிறவர் மாதிரி பாவனை செய்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவள் சைக்கிளை நிறுத்திவிட்டு அவரைக் கடந்து ஓடினாள்.

ஓட்டம் என்று அதைச் சொல்வது மரியாதைக்குத்தான். மரம்வரை ஓடுவாள், அடுத்த மரம்வரை நடப்பாள். கடைசி வளைவில் பாதையோரத்துப் பதாகைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். கோட்டைத் தாண்டிய பிறகும் நம்பிக்கையில்லாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓடினாள். புருஷன்தான் தோளைப் பிடித்து நிறுத்தினார். "போதும். முடிஞ்சுருச்சு."

காரில் ஏறியதும் புருஷன் வண்டியைக் கிளப்பாமல் யோசித்தார். "போற வழியில ஏணி ஒண்ணு வாங்கிடலாமா?"

"கால நீட்ட முடியல, இவருக்கு ஏணி" என்றாள். சொல்லும்போதே கை சட்டையின் மேல் மேய்ந்து, முதல் ஊக்கைப் பிடித்துவிட்டது.

பின்சீட்டிலிருந்து மகள் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்மா. முதல்ல மாமா வீட்டுக்குப் போவோம்."