ஆஸ்பத்திரிக்குக் கிட்டே ஒரு மண்டபம்

மாப்பிள்ளை கிடைத்துவிடுவான், மண்டபம்தான் கிடைக்காது என்று பெண்ணைப் பெற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். என் தங்கைக்கு மண்டபம் தேடக் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. அவர்கள் ஊரில், அவர்கள் பார்த்த மண்டபத்தில் நடக்கும். பெண் வீட்டார் முதல் நாள் சாயங்காலம் வேனில் போய் இறங்கினால் போதும். என் கல்யாணம் அப்படித்தான் நடந்தது. தங்கைக்கு அமைந்த இடம் விழுப்புரம் பக்கம். அவர்களிடம் போய், கல்யாணத்தைப் புதுச்சேரியில் வைத்துக்கொள்ளலாமா, மண்டபத்தை நாங்கள் பார்க்கட்டுமா என்று கேட்டவர்கள் நாங்கள்தான். அம்மா அப்போது கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். மார்பில் வந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. மூக்கில் குழாய் இல்லாவிட்டால் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசமாட்டாள். கல்யாணத்தன்று அரை நாள் சிலிண்டரோடு வெளியே கூட்டிப்போகலாம், ஆனால் ஏதாவது ஒன்று என்றால் உடனே திரும்பிவிடுகிற தூரமாக இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விழுப்புரம் அந்தத் தூரத்தில் இல்லை.

சம்பந்தி நல்ல மனிதர், உடனே சரி என்றார். அவர் மனைவிக்குத்தான் முகம் சுருங்கிப் போயிற்று. மூத்த பிள்ளையின் கல்யாணத்தை ஊரார் முன்னால் நடத்திப் பார்க்க அந்த அம்மாவுக்கும் ஆசை இருந்திருக்கும். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அன்றைக்கு எனக்கு என் அம்மாதான் முக்கியம், அடுத்தவர் ஆசையைப் பற்றி யோசிக்க மனதில் இடமில்லை.

தங்கையும் ஓர் ஆசை வைத்திருந்தாள். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் மஞ்சள் சுவரும் காகிதப்பூ கொடியுமாக நிற்கும் பழைய பிரெஞ்சு வீடுகளில், வெளியூர்க்காரர்கள் வந்து கல்யாணம் செய்துகொள்ளும் படங்களைப் போனில் சேர்த்து வைத்திருந்தாள். முழுக் கல்யாணம் முடியாவிட்டாலும் வரவேற்பையாவது அங்கே வைக்கலாமென்று நிச்சயத்தின்போது சொல்லிக்கொண்டிருந்தவள், அம்மா படுத்ததிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் கேட்டதற்கு, "அம்மா வர்ற மாதிரி பாருக்கா. மாட்டுக் கொட்டாயா இருந்தாலும் பரவால்ல" என்றாள்.

மாட்டுக் கொட்டகை கிடைத்திருந்தால்கூடத் தேவலை. அதற்குப் படிக்கட்டு இருக்காது.

நானும் அப்பாவும் ஸ்கூட்டியில் சுற்றினோம். அப்பா பஞ்சாலையில் இருந்தவர். ஆலை மூடிய பிறகு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை. ராத்திரி கண்விழித்துவிட்டுக் காலையில் என் பின்னால் உட்கார்ந்துகொள்வார். கதிர்காமம், லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, ரெட்டியார்பாளையம் என்று ஒன்று விடவில்லை. ஒருவர் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மேல்மாடியில் ஏசி அறை இருக்கிறது என்பார். இன்னொருவர் ஆயிரம் பேர் உட்காரலாம் என்பார். செல்ஃபி எடுப்பதற்கென்றே ஒரு சுவரில் பிளாஸ்டிக் இறக்கை ஒட்டி வைத்திருந்தார் மற்றொருவர். ஆனால் நோயாளி ஒருத்தி சக்கர நாற்காலியில் வந்தால் மேடைக்கு எப்படிப் போவாள் என்று கேட்டால் எல்லோருக்கும் வாய் அடைத்துவிடும். இந்த ஊரில் மண்டபம் கட்டியவர்கள் யாருக்கும் வயசான அம்மாவே இல்லையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மேடை ஏற ஒரு படிக்கட்டு, பந்திக்கு இறங்க ஒரு படிக்கட்டு, வாசலிலேயே கோயில் மாதிரி ஒரு படிக்கட்டு.

ஓர் இடத்தில் லிப்ட் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அண்டாவும் அரிசி மூட்டையும் ஏற்றுகிற கம்பிக் கூண்டு. இன்னோர் இடத்தில் மேனேஜர், அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், நாற்காலியோடு நாலு பேர் தூக்கிவிடலாம், எங்கள் பையன்களே தூக்குவார்கள், கவலைப்படாதீர்கள் என்றார். அப்பா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நாலு பேரு தூக்குறதுக்கு இன்னும் நாள் இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டி பக்கத்தில் நின்றுகொண்டார்.

கடைசியில் மண்டபம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. மெயின் ரோட்டின்மேல், பஸ் ஸ்டாப்புக்கு ஒட்டினாற்போல. பார்வைக்கு ஒன்றுமில்லை, பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு கொட்டகை என்றே சொல்லலாம். ஆனால் எல்லாம் தரைத்தளம். பந்திக் கூடம் மண்டபத்தின் பக்கவாட்டிலேயே. மேடையின் ஓரத்தில், பாட்டுக் கச்சேரிக்காரர்களின் ஸ்பீக்கர் பெட்டிகளைத் தள்ளி ஏற்றுவதற்காக ஒரு சாய்தளம் போட்டிருந்தார்கள். அப்பா அதன்மேல் ஏறி இறங்கிப் பார்த்தார். கையில் நாற்காலி தள்ளுவதுபோலப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை ஏறினார். நாங்கள் நிற்கும்போதே வெளியே ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது. மேனேஜர் சங்கடப்பட்டு, சத்தம் அவ்வப்போது வரும், மேளச் சத்தத்தில் தெரியாது என்றார். அப்பா அவரிடம் சந்தோஷமாக, "பரவால்ல சார், கிட்டதான் இருக்குது" என்றார். மேனேஜருக்குப் புரிந்திருக்காது. அந்தச் சத்தத்துக்காகத்தான் நாங்கள் அந்த மண்டபத்தையே எடுத்தோம்.

அன்றைக்கே மண்டபத்தைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டினேன். சாய்தளத்தைப் பெருமையாகக் காட்டி, உன்னை மேடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, நீங்கள் இரண்டு பேரும் தாரை வார்த்துக் கொடுக்கலாம் என்றேன். அவள் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. பந்திக் கூடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"தாரை வாத்ததும் என்னெ இந்த வாசல்ல கொண்டாந்து உட்டுடு," என்றாள், மூச்சு வாங்கி வாங்கி. "கடைசிப் பந்திக்குப் பாயசம் வராது. யாரு சாப்ட்டாங்க சாப்டலன்னு பாக்கணும். எல்லாரு வூட்லயும் சாப்ட்டவ நானு."

மண்டபம் கிடைத்துவிட்டது. நாள்தான் சிக்கல். ஆனி முகூர்த்தங்களை முன்பே யார் யாரோ பிடித்துவிட்டார்கள். அடுத்தது ஆடி. ஆடியில் யார் கல்யாணம் செய்வார்கள்? ஆக, ஆவணியில் முதல் முகூர்த்தத்துக்கு எழுதிக்கொண்டார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் முன்னால் வைக்க முடியாதா என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஆனியிலேயே கோயிலில் தாலியைக் கட்டிவிடலாம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அம்மாதான் கூடாது என்றாள். கோயிலில் கட்டினால் யாருக்குச் சோறு போடுவது என்பது அவள் கேள்வி.

ஆடி பிறந்தது. நான் தினமும் சாப்பாட்டுக் கூடையோடு அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் வார்டுக்குப் போவேன். மண்டபம் பூட்டிக் கிடந்தது. மாதம் முழுக்க ஒரு விசேஷம் கிடையாது. வாசலில் நாய் ஒன்று படுத்திருக்கும். மண்டபம் காலியாக இருக்கிறது, அம்மா உயிரோடு இருக்கிறாள், மாப்பிள்ளை ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிறார். எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு மாதம் மட்டும் குறுக்கே படுத்துக்கொண்டிருந்தது. நானும் ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றுகிறவள்தான். ஆனால் அந்த ஆடி மாதத்தை நான் வெறுத்தது போல எதையும் வெறுத்ததில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அம்மாவின் கட்டிலருகே அதைச் சொல்லியே விட்டேன். ஆடியாவது ஒன்றாவது, பூட்டிக் கிடக்கிற மண்டபத்தைத் திறந்து நாளைக்கே முடித்துவிடலாம் என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தங்கை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தங்கையின் கண்ணில் அப்போது ஆசை இருந்தது, அதை நான் பார்த்தேன். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆடியில கட்டிக்கினு போயி, நாளிக்கி இவளுக்கு ஒண்ணுன்னா என்னெத்தான் சொல்லுவாங்க. நான் இருப்பேன். நீங்க பயப்படாதீங்க."

அவள் இருக்கவில்லை. ஆடி பாதிகூட முடியாத ஒரு காலையில், நான் இட்லியோடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா வார்டு வாசலில் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வண்டி அவளை ஏற்றிக்கொண்டு மண்டபத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தது. அன்றைக்கும் அது பூட்டித்தான் இருந்தது.

கருமாதி முடிந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஆண் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வருஷம் திரும்ப வேண்டும், பெண்ணுக்குத் தோஷமில்லை, குறித்த நாளில் நடத்தலாம் என்றார்கள். சம்பந்தி மிகவும் தயங்கி, இனிமேல் எங்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். இனி எங்களுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு வேலையும் இல்லை. ஆனால் அப்பா அசையவில்லை. அவள் பார்த்த மண்டபம் என்றார். அவள் பார்த்தது என் போனில் ஒரு வீடியோ மட்டும்தான். அதை யார் அவரிடம் சொல்வது?

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. ஜோடியாக இருப்பவர்கள்தான் தாரை வார்க்க வேண்டும். அம்மா போனதோடு அப்பாவுக்கும் மேடையில் இடம் போயிற்று. அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தோம். மேடை அலங்காரக்காரர், ஓரத்தில் இருக்கும் சாய்தளம் போட்டோவில் அசிங்கமாகத் தெரியும், துணி போட்டு மறைத்துவிடட்டுமா என்று கேட்டார். மறைத்துவிடுங்கள் என்றேன்.

தங்கையின் கை கீழே, என் கை மேலே. ஐயர் தண்ணீரை ஊற்றச் சொன்ன நேரத்தில் வெளியே ஆம்புலன்ஸ் போனது. மேனேஜர் சொன்னது பொய், மேளத்தையும் மீறிக் கேட்டது. தங்கை சட்டென்று தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். அந்த ஒரு கணம் அவள் யாரைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் பார்த்தேன். வாசலில் யாருமில்லை. "பொண்ணு இந்தப் பக்கம் பாக்கட்டும்" என்றார் போட்டோக்காரர்.

தாலி ஏறியதும் அப்பாவைத் தேடிக்கொண்டு இறங்கினேன். மங்கள காரியத்தில் அவர் முன்னால் நிற்க வேண்டாமென்று யாரோ அவரைப் பந்திப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். வெள்ளைச் சட்டையும் கையில் தண்ணீர் ஜக்குமாக இலை இலையாக ஊற்றிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டு உறவில் ஒரு பெண்மணி அவரைப் பரிமாறுகிற ஆள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"ஏம்ப்பா, தாலி கட்ற நேரத்துல ஆம்புலன்ஸ் சத்தம். ஆஸ்பத்திரி வாசல்லயா மண்டபம் புடிப்பாங்க? ஊர்ல வேற எடமே கெடைக்கலியா பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு?"

அப்பா ஜக்கை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"இதாம்மா கிட்டக்க இருந்திச்சி" என்றார்.

"எதுக்குக் கிட்டக்க?"

அவர் குனிந்து டம்ளரை நிரப்பினார். பிறகு அந்த அம்மாவின் இலையைப் பார்த்து, பாயசம் வந்ததா என்று கேட்டார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஒரு படிகூட ஏறாமல் போய் வர முடிந்தது. அந்த மண்டபத்தில் ஒரு குறையும் இல்லை.