பன்னிரண்டாவது நாற்காலி

சிவப்புச் சோப்பின் வாசனை வந்தால் மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி நினைவுக்கு வருமாம். எனக்குக் கால்கள்தான் நினைவுக்கு வரும். பெரிய வியாழக்கிழமை மத்தியான வெயிலில், எங்கள் கோயிலுக்குப் பின்னால் இருந்த அடிகுழாயைச் சுற்றி உட்கார்ந்திருந்த கிழவர்களின் கால்கள் அவை. ஏலத்தோட்டத்தில் அட்டை கடித்துக் கடித்துக் கறுத்த தழும்புகளும், குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பும், நகக்கண்ணில் எத்தனையோ வருஷத்து மண்ணும் கொண்ட அந்தக் கால்களைச் சிவப்புச் சோப்புப் போட்டுத் தேங்காய் நாராலும் செங்கல் தூளாலும் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைப்பார்கள். ஏசுநாதர் தம் சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, சாயங்காலப் பூசையில் அவற்றைச் சாமியார் கழுவப் போகிறார். சாமியார் கழுவுவதற்கு முன்னால் நன்றாகக் கழுவி வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊர் ஏற்பாடு. "சாமி கையில அழுக்குப் படலாமா?" என்று கேட்பார்கள். ஏசுநாதர் கழுவியது அழுக்குக் காலையா, கழுவிய காலையா என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

போடியிலிருந்து முந்தலுக்குப் போகிற சாலையை ஒட்டி, மலையிலிருந்து பிழைப்புத் தேய்ந்து இறங்கி வந்தவர்களும், மேலே போக ஜீப்புக்குக் காத்திருப்பவர்களுமாகக் குடியிருந்த தெரு எங்களுடையது. தெருவின் முனையில் ஓடு வேய்ந்த சின்னக் கோயில் ஒன்று இருந்தது. எழுபதுகளின் பிற்பாதியில் அந்தக் கோயிலுக்கென்று தனியாகச் சாமியார் கிடையாது. பெரிய நாட்களுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒருவர் வருவார். மற்ற நாளெல்லாம் கோயிலை ஆண்டது 'தர்ம சபை' என்று நாங்கள் சொன்ன ஏழைகள் உதவிச் சபைதான். அமெரிக்காக் கோதுமை, மஞ்சள் சோளமாவு, பால் பவுடர், எண்ணெய் டின், வெள்ளைக்காரர்கள் போட்டுக் கழித்த கோட்டு எல்லாம் அந்தச் சபையின் கையால்தான் எங்களுக்கு வந்தன. சபைத் தலைவர் ஏலக்காய் வியாபாரி. என் அக்கா அமலி அவருடைய சரக்குக் கிட்டங்கியில்தான் காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். அவரை முதலாளி என்று கூப்பிடாதவர்கள் தெருவில் இல்லை. நல்ல மனிதர் என்றுதான் ஊரெல்லாம் பெயர். ஒருவரையும் அவர் கைநீட்டி அடித்ததில்லை, சத்தம் போட்டதுகூட இல்லை. அதற்கெல்லாம் அவருக்கு அவசியமே இருக்கவில்லை.

ஏசுவின் சீடர்கள் கணக்குக்குக் கால் கழுவப்படும் பன்னிரண்டு பேரையும் 'அப்போஸ்தலமார்' என்போம். ஆளுக்கு ஒரு புது வேட்டி, துண்டு, ஒரு ரொட்டி, ஒரு படி அரிசி கிடைக்கும் என்பதால் தவக்காலம் பிறந்ததுமே கிழவர்கள் முதலாளியின் கிட்டங்கி வாசலில் தலையைக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். முதல் நாற்காலி தலைமைச் சீடரான ராயப்பருக்கு. அதில் உட்கார்ந்தவர் அந்த வருஷம் முழுவதும் மீசையைத் தடவிக்கொண்டு திரிவார். அதை அடுத்து பெலவேந்திரர், யாகப்பர், அருளப்பர் என்று வரிசை போகும். பன்னிரண்டாவது நாற்காலி யூதாசுக்கு. காட்டிக் கொடுத்தவன் விருந்துக்கு நடுவிலேயே எழுந்து இருட்டுக்குள் போனான் அல்லவா, அதனால் எங்கள் கோயில் யூதாசும் ரொட்டியை வாங்கியதும் எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போய்விட வேண்டும். அன்றிலிருந்து சனிக்கிழமை வரை மணி அடிக்கக் கூடாதென்பதால் மணிக்குப் பதில் தட்டுகிற மரக்கட்டைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கவாசலில் காத்திருப்பார்கள். யூதாஸ் ஓட வேண்டும். அவனைக் கட்டைகளைத் தட்டிக்கொண்டே தெருவில் இருந்த புளியமரம் வரை விரட்ட வேண்டும். புளியமரத்தைத் தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. யூதாசாக இருந்தவர் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு திரும்பி வருவார். வருஷம் பூராவும் அவருக்கு அந்தப் பெயர்தான் என்பதைத் தவிர வேறு சேதாரம் இல்லை என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அந்த நாற்காலிக்கு எவரும் தானாகப் போனதில்லை. அதற்கு ஆளை முதலாளிதான் சொல்வார். அந்த வருஷம் அவருக்கு எவன் மேல் மனக்குறையோ அவன் பெயரைச் சொல்வார்.

என் அப்பா குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். ஒரு மழைக்காலத்தில் சரிவில் மூட்டையோடு உருண்டு வலது முழங்காலுக்குக் கீழே கிழித்துக்கொண்டார். அந்தப் புண் ஆறவே இல்லை. காய்வதும் மறுபடி உடைந்து நீர் வடிவதுமாக அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டது. அக்காவின் கூலியும் சபைக் கோதுமையும்தான் எங்கள் வீட்டுச் சாப்பாடு. கோதுமை வாங்குவதற்கு முன்னால் கோயில் வாசலில் சரளைக் கல்லில் முழங்கால் போட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நாங்கள் கண்ணால் பார்த்தே இராத உபகாரிகளுக்காக ஜெபம் சொல்ல வேண்டும். தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் அப்பா கம்பை ஊன்றி நின்றபடியே முதலாளியிடம் கேட்டார்:

"முழங்கால் போட முடியலை மொதலாளி. உக்காந்து சொன்னா அமெரிக்காவுக்குக் கேக்காதாக்கும்?"

அப்பாவுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் குசும்பு. வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. கையை விரித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே சிரித்துவிட்டது, கிழவிகள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். உட்கார்ந்தே சொல்லும்படி அன்பாகச் சொல்லி, கோதுமையையும் குறைக்காமல் போட்டார். வீட்டுக்கு வந்த பிறகு அம்மாதான், அவர் சிரித்ததைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று சொன்னார்.

அம்மா பயந்தது சரிதான். அந்த வருஷத்து யூதாஸ் சவரிமுத்து, அதாவது என் அப்பா, என்று பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று பூசை முடிந்ததும் சொல்லிவிட்டார்கள்.

வேறு வருஷமாக இருந்தால் அப்பா அதையும் ஒரு குசும்பாக எடுத்துக்கொண்டிருப்பார். அந்த வருஷம் அக்காவுக்குக் கம்பம் பக்கமிருந்து கொத்தனார் மாப்பிள்ளை ஒருவர் பேசி முடிகிற நிலையில் இருந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் பூ வைக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா எங்கள் தெருவிலேயே, புளியமரத்தைத் தாண்டியதும் இருந்த வீட்டில் இருந்தாள். சம்பந்தத்தைக் கொண்டுவந்ததும் அவள்தான். யூதாஸ் வீட்டில் பெண் எடுக்க அவள் சம்மதிப்பாளா என்று அம்மா தவித்தார். மாட்டேன் என்று மறுக்கவும் வழி இல்லை. கோதுமை நின்றுபோகும் என்பதுகூடப் பெரிதில்லை. முதலாளி தலையாட்டாமல் எங்கள் கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கிற எந்த ஓலையும் வாசிக்கப்பட்டதில்லை. அம்மா என்னையும் கையில் பிடித்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போய், இந்த ஒரு வருஷம் மட்டும் வேறு ஆளை உட்கார வைக்கும்படி கெஞ்சினார். முதலாளி ஒரு ஏலக்காயை உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, மிகவும் பொறுமையாகச் சொன்னார்:

"யாராச்சும் ஒருத்தன் உக்காந்துதான ஆகணும் ஆத்தா. யூதாசு இல்லைன்னா ஏசு எப்பிடிச் சாவாரு? அவரு சாகலைன்னா நமக்கு ஏது ரட்சிப்பு?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு இத்தனை வருஷத்திலும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருநாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"விடு. ஒரு நா உக்காந்தா என்ன கெட்டுப்போச்சு? வெரசா ஓடிப் புளியமரத்தைத் தொட்டுட்டேன்னா பெரியம்மா வீட்டு வாசல் வரைக்கும் கூட்டம் போகாது," என்றார் அப்பா. சொன்னதோடு நில்லாமல் அந்த வாரம் முழுக்க, வீட்டுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்து பழகினார். நடந்தால் புண் உடைந்தது. உடைந்த புண்ணுக்கு அக்கா மஞ்சள் வைத்துக் கட்டினாள். கட்டியதும் அவர் மறுபடி நடந்தார். நானும் அக்காவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வேண்டாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அவர் ஓடிவிட வேண்டும் என்றுதான் எங்களுக்கும் ஆசை.

வியாழக்கிழமை அடிகுழாயடியில் சபை ஆட்கள் அக்கா கட்டியிருந்த துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, புண் என்றும் பாராமல் நாரைப் போட்டுத் தேய்த்தார்கள். அன்றைக்கு வந்திருந்த சாமியார் மதுரைப் பக்கத்துக்காரர், வயதானவர். நாற்காலி நாற்காலியாக மண்டியிட்டு வந்தவர் அப்பாவின் காலைக் கையில் ஏந்தியதும் கிண்ணத்துத் தண்ணீர் சிவந்தது. அவர் ஒரு கணம் அப்பாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குச் செய்ததைவிட மெதுவாகத் துடைத்து, குனிந்து அந்தப் புண்ணுக்குப் பக்கத்திலேயே முத்தமிட்டார். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அவர் எழுந்து பீடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். அடுத்து அந்தக் காலுக்கு என்ன நடக்கப் போகிறது என்று அவரும் கேட்கவில்லை, அவருக்கு எவரும் சொல்லவும் இல்லை.

அப்பா ரொட்டியை வாங்கிக்கொண்டு பக்கவாசலில் இறங்கினார். கட்டைகள் தட்டத் தொடங்கின. நான்கு எட்டு ஓடியிருப்பார், கால் மடங்கிவிட்டது. விழாமல் சுவரைப் பிடித்து நின்று, பிறகு நடக்கத் தொடங்கினார். விரட்டிய பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஓடாத யூதாசை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. ஓடுகிறவனை விரட்டினால் அது விளையாட்டு. நடக்கிறவனுக்குப் பின்னால் கட்டை தட்டிக்கொண்டு போனால் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடுகிறது. புளியமரம் வந்தபோது அப்பா அதைத் தொடவும் மறந்து வீட்டைப் பார்த்து நடந்தார். தொடாததால் ஆட்டம் முடியவில்லை. பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள், பிள்ளைகளுக்குப் பின்னால் பெரியவர்களும் வந்தார்கள். "யூதாசு, யூதாசு" என்று தெருவே கட்டைக்கு ஏற்றபடி சொல்லிக்கொண்டு வந்தது. பெரியம்மா வாசலில் வந்து நின்றாள். நானும் அம்மாவும் கோயிலிலிருந்து கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தபோது, கோயிலுக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்ட அக்கா கதவை உள்ளேயிருந்து திறந்து பிடித்திருந்தாள். கதவை மூடிய பிறகும் சத்தம் சட்டென்று ஓயவில்லை, கதவில் கட்டைகள் பட்டுக்கொண்டே இருந்தன. அப்பாவின் கையில் ரொட்டி அப்படியே இருந்தது. அதை என்னிடம் நீட்டி, "தின்னு தாயி," என்றார். பசியில் நானும் தின்றேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் அம்மா வாசலில் கோலம் போட்டு வைத்திருந்தார். கம்பத்திலிருந்து யாரும் வரவில்லை. பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம் என்று பெரியம்மா யாரோ ஒரு பிள்ளையிடம் சொல்லியனுப்பினாள். தானே வந்து சொல்லக்கூட அவளுக்குக் கால் எழவில்லை. கிட்டங்கியில் அக்காவை 'யூதாஸ் மக' என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். சபை தந்த புது வேட்டியை அப்பா ஒருநாளும் உடுத்தவில்லை, அம்மா அதைக் கிழித்துப் புண்ணுக்குக் கட்டினார். நல்ல பருத்தி, நன்றாகவே ஈரம் வாங்கியது. அடுத்த மழைக்கு முன்னால் புண்ணில் விஷம் ஏறி அப்பா போய்விட்டார். சபையின் பொதுச் சவப்பெட்டியில் தூக்கிப் போய், குழியில் பாயோடு இறக்கிவிட்டு, அடுத்த ஏழைக்கு வேண்டுமென்று பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதலாளி குழியில் மூன்று பிடி மண் போட்டார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அக்கா அந்த வருஷமே தோட்ட ஆட்களோடு ஜீப்பு ஏறிப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அவள் சம்பாதித்து அனுப்பியதில்தான் நான் படித்து டீச்சரானேன். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலைக்கு மேலே அவளை எல்லோரும் மலையாளத்தில் அக்கா என்கிற அர்த்தத்தில் 'சேச்சி' என்று கூப்பிட்டார்களாம். அந்த ஒரு சொல்லுக்காகவே கீழே இறங்கப் பிடிக்கவில்லை என்று பிற்காலத்தில் என்னிடம் சொன்னாள்.

ஊரை விட்டுப் போன பிறகு முதல் முறையாக, சென்ற பெரிய வியாழனன்று அவளை அந்தக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். ஓட்டுக் கூரை இல்லை, பளிங்குத் தரை போட்டிருக்கிறார்கள். அடிகுழாய் இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. புளியமரம் சாலைக்குப் போயிற்று, பக்கவாசலையும் அடைத்துச் சுவராக்கிவிட்டார்கள். முதலாளியும் பெரியம்மாவும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கால் கழுவும் நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி உறை போட்டு, கோயில் கட்டக் கைகொடுத்த பெரிய மனிதர்களை உட்கார வைத்திருந்தார்கள். பெண்களும் உட்காரலாமாம். கடைசி நாற்காலிக்கு வர வேண்டியவர் வரவில்லை என்று தேடிக்கொண்டிருந்த இளைஞன், முன்பெஞ்சில் நரைத்த தலையோடு இருந்த அக்காவிடம் வந்து, அங்கே வந்து உட்கார முடியுமா என்று பணிவாகக் கேட்டான். அக்கா அந்த நாற்காலியைக் கை காட்டிக் கேட்டாள்:

"அதுல உக்காந்தா நடுவுல எந்திரிச்சு ஓடணுமா தம்பி?"

அவன் சிரித்துவிட்டான். "எதுக்கு ஆத்தா ஓடணும்? பூசை முடிய உக்காந்திருந்து கேக்கு வாங்கிட்டுப் போங்க."

கெட்ட பிள்ளை இல்லை. அவனுக்குத் தெரியாது, அங்கிருந்த யாருக்குமே தெரியாது. எங்கள் வீட்டை மண்ணாக்கிய ஒரு வழக்கம், அதற்காக எவரும் வருந்தாமலே, எவரும் நிறுத்தாமலே, பழைய நாற்காலிகளோடு எங்கோ போய்விட்டிருந்தது. இனி யாரிடம் போய்க் கேட்பது? எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல் இருந்தது.

அக்கா தலையை ஆட்டி மறுத்ததும் வேறொருவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். சாமியார் தண்ணீர்க் கிண்ணத்தோடு முதல் நாற்காலிக்கு முன் மண்டியிட்டதும், அக்கா தன் இரண்டு கால்களையும் மெல்லப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.