பித்தளை உரலுக்கு இரண்டாவது சீட்டு

ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் போன் அடித்தால் அது சாகுல் காக்காதான். "வண்டி கீழ நிக்கிது தம்பி, யல்லா!" போன ஞாயிறு அடித்தது அவர் மகன். "வாப்பா மௌத்தாயிட்டாங்க" என்றார். அந்தச் சாவுச் செய்தி வந்தபோது நான் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தேன்.

பர் துபாயில் அவரிடம் துணி எடுத்த உங்களுக்கு அவர் கீழக்கரைக் கடைக்காரர். ஏசி மெக்கானிக்கான எனக்கும் என் ரூம்காரர்கள் இருவருக்கும் அவர் வேறு ஆள். அரபிகள் தங்கள் பழைய வீட்டையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கும் சிற்றூர்களுக்கு எங்களை வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு போவார். முத்துக்குளிப்பவரின் மூக்குக் கவ்வியைப் பார்த்ததும் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அறுபது வயது மனிதர்! போகுமிடமெல்லாம் வருகைப் புத்தகத்தில் எங்கள் எல்லோர் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதுவார். "எத்தன கட்டடத்துல வேல பாத்தீங்க, ஒண்ணுலயாவது பேரு போட்டானா? இங்கயாச்சும் கெடக்கட்டும்" என்பார்.

மலையடிவாரத்தில் சாலிம் என்ற முதியவரின் அருங்காட்சியகம். இரண்டே அறை. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பித்தளைச் சாமான். 'காயத்துக்கு மூலிகைச் சாறு பிழியும் கருவி' என்று அரபியில் சீட்டு. காக்கா அதை வாசித்துச் சொன்னதும் நாங்கள் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். அடப்பாவமே, அது நம் இடியாப்ப உரல்!

காக்கா துள்ளிக் குதித்தார். "நமக்கு முன்னாலயே நம்மாளு ஒருத்தன் இங்க வந்து சமைச்சிருக்கான்டா!" சீட்டை மாற்றச் சொன்னார். சாலிம் முகம் சிவந்துவிட்டது. "மாஃபி! மேரா பாபா போலா!" முடியாதாம், அது அவருடைய தகப்பனார் சொன்னதாம்.

காக்கா விடுவாரா? அடுத்த ஞாயிறு அரிசிமாவு, தேங்காய்ப்பால், சீனியோடு போய் இறங்கினார். கெஞ்சிக் கூத்தாடி உரலை வெளியே எடுக்கவைத்து, புளி போட்டுத் தேய்த்து, சாலிம் வீட்டு அடுப்படியிலேயே இடியாப்பம் பிழிந்து அவித்தார். சாலிம் ஆறு சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, சீட்டை மட்டும் மாற்றமாட்டேன் என்றார்!

எனக்குக் கோபம் வந்தது. காக்காவோ சட்டென்று அடங்கிவிட்டார். "அவரு வாப்பா சொன்னத நாம பொய்யாக்கலாமா? அது இருக்கட்டும். கீழ இன்னொண்ணு வைப்போம்" என்றார். சாலிம் உடனே ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து நீட்டினார். "நல்ல பேனா கொண்டாறேன், எழுத்து நின்னு பேசணும்" என்று காக்கா அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார். அந்த வாரம்தான் வரவில்லை.

நேற்று அவர் மகன் வேனை ஓட்ட, நாங்கள் போனோம். "சாகுல் கிதர்?" என்று அவரைத் தேடினார் சாலிம். சொன்னோம். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்த வெள்ளைச் சீட்டை என் கையில் வைத்தார். என் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். இருந்தாலும் எழுதினேன்: 'இடியாப்ப உரல். எங்கள் கரையிலிருந்து வந்தது. அடையாளம் கண்டவர் கீழக்கரை சாகுல்.'

சாலையோரம் அருங்காட்சியகம் என்று சின்ன போர்டு ஒன்றைக் கண்டாலும் வண்டியை நிறுத்தச் சொல்லும் பைத்தியத்தை அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை நான் விடப்போவதில்லை.

கிளம்பும்போது வருகைப் புத்தகத்தில் பெயர்களை எழுதினேன். வந்தது நான்கு பேர். ஐந்து பெயர் இருந்தது. சாலிம் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "சஹி ஹை", சரியாக இருக்கிறது என்றார்.