புகையில்லாத வாடை

விமானத்தில் வேலை பார்க்கிறவளிடம் ஊரில் எல்லோரும் கேட்பது, மேகம் கிட்டத்தில் எப்படி இருக்கும் என்றுதான். வாடை எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வேன். பதினோரு வருஷமாக என் மூக்குதான் அதிகம் உழைத்திருக்கிறது. தலை கொள்ளாத மல்லிகை, மேலே பெட்டிகளுக்கு நடுவில் பேப்பரில் சுற்றித் திணித்த கருவாடு, கழிப்பறை, சூடேறிச் சூடேறிச் செத்துப்போன உப்புமா. எல்லாவற்றுக்கும் சிரித்த முகம் வேண்டும். அலுத்துப்போச்சு.

ஒரு வாடைக்கு மட்டும் சும்மா இருக்கக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். விமானத்துக்குள் நாம் இழுக்கும் காற்று எஞ்சின் வழியாகத்தான் வருகிறது. அங்கே எண்ணெய் கசிந்தால், அது வெந்து அந்தக் காற்றோடு கலந்துவிடும். அழுக்கு சாக்ஸ் வாடை வந்தால் உடனே விமானியிடம் சொல்ல வேண்டும் என்பது பாடம். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எங்கள் வீட்டில் சாக்ஸ் போட்டவர் யார்?

பாளையம்பட்டியில் எங்களுக்கு எட்டுப் பவர்லூம் தறி. வீட்டுக்கும் தறி ஓடும் கொட்டகைக்கும் நடுவில் ஒரே சுவர். மோட்டார் சூடேறி எண்ணெய் கருகும் வாடையில்தான் சாப்பிட்டோம், தூங்கினோம், பரீட்சைக்குப் படித்தோம். நாங்கள் மூக்கைச் சுளித்தால் அப்பா கேட்பது ஒன்றே ஒன்று. "பொக வருதா? வரலைல்ல? அப்ப ஓடட்டும் விடு." பாதியில் தறியை நிறுத்துவது அவருக்கு ஆகவே ஆகாது.

மூன்று மாதத்துக்கு முன் மதுரையிலிருந்து கிளம்பிய காலை விமானம் ஒன்றில், சக்கரம் தரையை விட்டதுமே அந்த வாடை வந்தது. அன்றைக்கு ஊழியர்களுக்கு நான்தான் பொறுப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமே வரவில்லை. மோட்டார் சூடாகிறது என்று மனசு தன்பாட்டுக்குச் சொன்னது. புகை இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன். இல்லை. காப்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். மூக்கைப் பொத்திய பயணிகளிடம், ஏசி போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்தேன்.

பின்பக்கம் நின்றவள், நான் வேலைக்குச் சேர்ந்த அதே நாளில் சேர்ந்த தோழி. முன்னால் வந்து காதோடு கேட்டாள்.

"ஏதோ வாடை வருதுடி. தொண்டை எரியுது. உனக்கு வரலையா?"

"ஒண்ணும் வரலை. காலையில நீ சாப்பிட்டியா இல்லையா?"

இருபது நிமிஷம் கழித்து மறுபடி வந்தாள். கை நடுங்கியது, நாக்கு குழறியது. அப்போதும், "வாடையெல்லாம் இல்லை, போய் உட்காரு" என்றேன். இறங்கப்போகிற நேரத்தில் அவள் பின்சீட்டில் சரிந்து வாந்தி எடுத்த பிறகுதான் விமானியைக் கூப்பிட்டேன்.

தரையிறங்கிய பின் எழுதிக் கொடுக்கும் படிவத்தில், 'இறங்கும்போது வாடை, ஐந்து நிமிஷம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஏறும்போதே வந்தது என்றால், ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. ஐந்து நிமிஷ வாடைக்கு எஞ்சினை யார் குடைந்து பார்ப்பார்கள்? மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்கள். மற்ற இரண்டு ஊழியர்களும் நான் எழுதியதையே ஒப்பித்தார்கள்.

அவளுக்குத் தலைவலியும் நடுக்கமும் விடவில்லை. கம்பெனி டாக்டர் என் படிவத்தைப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிஷ வாடை யாரையும் இப்படிப் படுத்தாது, இது மனக் கோளாறு என்று மாத்திரை எழுதினார். அவளைப் பறக்கத் தகுதியில்லாதவள் என்று நிறுத்தப்போகிறார்கள், கடைசி விசாரணை ஒன்றுதான் பாக்கி என்று சேதி வந்தது. என்னைத்தான் கேட்கப்போகிறார்கள். இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை எனக்கு.

விசாரணையன்று லீவில் ஊரில் இருந்தேன். வீடியோ காலுக்குச் சத்தம் ஆகாது, அரை மணி நேரம் தறியை நிறுத்து என்று அண்ணனிடம் கேட்டேன்.

"அரை மணியா! சாயங்காலம் லோடு ஏத்தணும். அப்படி எந்த ஊரு ஆபீசரு அவுக?"

"நிறுத்துண்ணே. என்னால ஒரு பொண்ணு பொழப்பு போகுது."

என் முகத்தைப் பார்த்தவன் போய்ச் சுவிட்சை அணைத்தான்.

திரையில் மூன்று பேர். வாடை எப்போது வந்தது என்றார்கள்.

"ஏறினதுமே சார். கடைசி வரைக்கும் இருந்துச்சு. நான் எழுதிக் கொடுத்தது பொய்."

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"எங்க வீட்டு வாடை மாதிரியே இருந்துச்சு சார்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை எப்படி எழுதுவது என்று ஒருவர் கேட்டார். அப்படியே எழுதுங்கள் என்றேன்.

இரண்டாம் நாள் என்னைச் சஸ்பெண்ட் செய்து மெயில் வந்தது. அவள் விஷயத்தை மறுபடி பார்ப்பதாகவும் அதிலேயே இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். கொட்டாவிதான் வந்தது, அவ்வளவு களைப்பு.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். அவளுக்கும் தகவல் போயிருக்கிறது. கிழி கிழியென்று கிழிக்கப்போகிறாள், வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று எடுத்தேன்.

"அந்த வாடை நெசமாவே வந்துச்சா?"

"வந்துச்சுடி."

"உனக்கும் வந்துச்சா?"

"எனக்கும்தான் வந்துச்சு."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ரெண்டு தடவை உன்கிட்ட வந்து கேட்டேன். இல்லைன்னு சொன்னே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் புத்தி பெசகிருச்சுன்னு மாத்திரையை முழுங்கிக்கிட்டுக் கெடக்கேன். பிள்ளையை என்கிட்ட தனியா விட மாட்டேங்குறாகடி. நான் சொன்னா நம்ப மாட்டாக. நீ வந்து எங்க வீட்டுல சொல்லுறியா?"

"நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு வாரேன்" என்றேன்.

"இன்னைக்கே வா. இன்னொரு ராத்திரி என்னால பைத்தியமா இருக்க முடியாது."