விலாசக்காரி

"சரி, பாத்துக்கறேன்" என்று யாராவது சொன்னால் அவள் நகரமாட்டாள். மேசையோரம் நின்றுகொண்டே இருப்பாள். "பாத்துக்கறேன் எல்லாம் வேண்டாம். பாத்துட்டுச் சொல்லு, நிக்கறேன்." எதிரில் இருப்பவர் பெருமூச்சு விட்டபடி காரியத்தை முடித்து, "முடிஞ்சுதுக்கா, போங்க" என்ற பிறகே இடத்தைக் காலி செய்வாள். வீட்டிலும் இதே கதைதான். அடுப்பை அணைத்துவிட்டதாகக் கணவர் சொன்னாலும், போய் அதன் மேல் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் விலாசக்காரி. ஐம்பதை நெருங்குகிற வயது. வந்ததும் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு திரையைத் திட்டத் தொடங்குவாள். "எருமை, எங்கடா கொண்டுபோய்க் கொட்டின?"

என்ன வேலை என்று உறவுக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துப்போய், இப்போது ஒண்டுக்குடித்தனக் கதையாகச் சொல்கிறாள். ஒரே பெரிய கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தான் தனி வீட்டில் வாழ்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அவற்றுக்கு நினைவகத்தில் அறையும் விலாசமும் ஒதுக்குவது வீட்டுக்காரரான மென்பொருள். வெளியிலிருந்து சரக்கைக் கொண்டுவந்து இறக்குவது நெட்வொர்க் கார்டு. அறை மாறினால் கார்டின் கையில் இருக்கும் வரைபடமும் அந்தக் கணமே மாற வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய அறையிலேயே சரக்கை இறக்கிவிட்டுப் போய்விடும். "மாத்திட்டோம்னு கார்டுகிட்ட சொல்றது பாதி வேலைதான். அது காதுல விழுந்துச்சான்னு பாக்கறது மீதி. என் சம்பளம் மீதிக்கு."

இந்தமுறை புகார் கொடுத்தது, இந்த மெய்நிகர் கணினிகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒலிப்புத்தகம் தயாரிக்கும் சிறு நிறுவனம். ஒரு பெண் மூச்சுப்பிடித்து அத்தியாயம் முழுக்க வாசித்திருக்கிறாள். நடுவே "கதவைத் திறந்து பார்த்தால்" என்பதோடு குரல் அறுந்து, கர்ரென்று இரைச்சல். மைக் கோளாறு என்றார்கள் எல்லோரும். விலாசக்காரி காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் அதையே கேட்டாள். "கதவத் திறந்தா யாரு இருந்தா? சொல்லித் தொலையேன் தாயே!" என்று ஒருநாள் அவள் கத்தியதில் அடுத்த வரிசைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குக் கூடுதல் நினைவகம் கொடுத்து அறைகள் மாறும் நேரத்தில்தான் கோளாறு வருகிறது என்பது வரை பிடித்துவிட்டாள். அதற்குமேல் கண்ணாமூச்சிதான். சோதித்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். அப்பாடா என்று எழுந்தால் எங்கோ இன்னொரு வாடிக்கையாளருக்கு வரும். பல் செட் செய்யும் கணவர், ரௌடிப் பிள்ளையை விசாரிப்பதுபோல மாலையில் கேட்பார். "உன் கார்டு இன்னிக்காவது அடங்குச்சா?" அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். சாப்பாடு தட்டிலேயே ஆறும்.

கடைசியில், கார்டு வேண்டுமென்றே தாமதமாகப் பதில் சொல்லும்படி மாற்றிப் பார்த்தாள். உடனே இரைச்சல் வந்தது. கூப்பிட்டதும் வருவதுபோல, ஒவ்வொரு முறையும் வந்தது. வரைபடம் மாறியதைக் கார்டுக்குச் சொல்லிவிட்டு, அதன் பதிலுக்குக் காத்திராமல் மென்பொருள் அடுத்த வேலைக்குத் தாவிக்கொண்டிருந்தது. அந்தக் காத்திருப்பைப் போன ஆண்டு வெட்டி எறிந்தவன் குழுத்தலைவன். அவள் 'தம்பி' என்று கூப்பிடுகிறவன். அவள் தன் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தபோது நடந்தது அது. வேகம் கூடியதென்று அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

அவளே போய் அவன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். திரையைத் திருப்பிக் காட்டினாள்.

அவன் வெகுநேரம் பார்த்தான். "அக்கா... இது என் வேலைதானே?"

"உன்னோடதுதான். இல்லேன்னு பூசி மெழுகறதுக்கு எனக்குத் தெம்பு இல்லப்பா."

"திரும்பக் காக்க வெச்சா வேகம் குறையும். அடுத்த வாரம் வெளியீடு. மேல என்னன்னு சொல்றது?"

"குறையட்டும். அந்தப் பொண்ணு தொண்டை வறள வாசிச்சதைக் காலி ரூம்ல கொட்டிட்டு, குப்பையைத் தூக்கி அவ கையில கொடுத்திருக்கோம். இதுல என்ன வேகம்?"

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "நீங்க சொல்ல வேண்டாம். நானே போய்ச் சொல்றேன்."

"வெளியீட்டைத் தள்ளிப் போடணும்னும் சேத்துச் சொல்லு."

காத்திருப்பைத் திரும்பச் சேர்த்து, நினைவகத்தைக் கூட்டிக் குறைத்துக் கார்டை வதைக்கும் நீண்ட சோதனை ஒன்றை ஓடவிட்டாள். தம்பி மேல்மாடிக் கூட்டத்துக்குப் போனான்.

அவன் இறங்கி வந்தபோது பிற்பகல் வெயில் மேசைகள் மேல் சரிந்திருந்தது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வெளியீட்டைத் தள்ளிவைக்கச் சம்மதித்துவிட்டார்கள். அதைச் சொல்ல ஓடிவந்தவன், அவள் மேசையருகே வந்ததும் குரலை விழுங்கிக்கொண்டான். தலை ஒருபக்கம் சாய, வாய் லேசாகத் திறந்திருக்க, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். தொடாமல் விட்டதில் திரையும் இருண்டு கிடந்தது.

சோதனை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க, அவன் மெல்லக் குனிந்து மவுஸ் பக்கம் கையை நீட்டினான். கண்ணைத் திறக்காமலே அவள் கை வந்து மவுஸின் மேல் கவிழ்ந்து, இறுகிக்கொண்டது.