மேலத்தெருக்காரன்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கப்பல் கரீபியக் கடலோரத்துக் கார்த்தஹேனாவில் ஒரு ராத்திரி நின்றது. என்னையும் என்னோடு கப்பலில் வேலை பார்த்த லப்பைக்குடிக்காட்டுக் காதரையும் பழைய கோட்டைக்குள் ஒரு விடுதியில் தங்க வைத்தார்கள். அங்கே தெருவுக்குத் தெரு பெயரைப் பீங்கான் பலகையில் எழுதிப் பதித்திருந்தார்கள்.

விடுதிக் காவலாளி நெடுநெடுவென்று உயரம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. வருகிறவர்களிடம் எந்த நாடு என்று அவர் கேட்பதில்லை. அரைகுறை ஆங்கிலத்தில், "உங்கள் தெருவின் பெயர் என்ன?" என்றுதான் கேட்பார். சொன்னால், நாக்குக்குப் பழகும்வரை சொல்லிச் சொல்லிப் பார்ப்பார்.

காதர் உடனே, "பள்ளிவாசல் தெரு" என்றான்.

நான், "மேலத்தெரு" என்றேன்.

தா.பழூர்ப் பக்கம் எங்கள் வீடு இருப்பது காலனித் தெருவில். தெருவைக் கேட்கிறவர்கள் சாதியைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்து பழகிய வாய், தானாகவே பொய் சொல்லிவிட்டது.

மாடியேறும்போது காதர் மெதுவாகக் கேட்டான்: "ஏன் மாப்ள, இந்த மனுசனுக்கு நம்மூரு தெருவப் பத்தி என்ன தெரியும்? இவருகிட்டயுமா?"

காலையில் நாங்கள் கிளம்பியபோது அவர் வாசலில் நின்று, "மேலத்தெரு! மேலத்தெரு!" என்று கையை உயர்த்திக் கூவினார். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. காலனித் தெரு என்று சொல்லியிருந்தால், அதையும் இதே சந்தோஷத்தோடுதான் கூவியிருப்பார்.

என் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெருவின் பெயருக்கு, நான் திரும்பிக் கையசைத்தேன்.